புதிய புல்லட் எப்படி இருக்கிறது? பழைய வண்டி ஓட்டியவரின் அனுபவம்

கண்ணால் பார்க்காமல், காதால் கேட்டே பெயர் சொல்லக்கூடிய வண்டி ஒன்று உண்டு. அதுதான் புல்லட் மோட்டார் சைக்கிள்.

"டுப்... டுப்... டுப்..."

தெருமுனையில் இந்தச் சத்தம் கேட்டால் போதும். திண்ணையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சிறுவர்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள்.

ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு புல்லட் இருந்தாலே அதிகம். போலீஸ் அதிகாரி வைத்திருப்பார். அல்லது நிலபுலன் உள்ள பெரிய வீட்டுக்காரர் வைத்திருப்பார். இன்று கல்லூரி மாணவர்கூட அதில் போகிறார்.

அந்தப் புல்லட், 2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் புதிய இஞ்சினோடு விற்பனைக்கு வந்தது. பெயர் பழையது. உருவமும் ஏறக்குறையப் பழையது. ஆனால் உள்ளே இருப்பது எல்லாம் புதிது!

பழைய புல்லட்டை 30 ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியவன் நான். உறவுக்காரத் தம்பி ஒருவர் வாங்கிய புது வண்டியை, புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர்ப் பக்கம் ஒரு நாள் முழுவதும் ஓட்டிப் பார்த்தேன்.

என்ன மாறியிருக்கிறது? என்ன மாறவில்லை? எதில் எச்சரிக்கை தேவை? பார்ப்போம்.

இங்கிலாந்தில் பிறந்தது, சென்னையில் வளர்ந்தது

முதலில் வண்டியின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். அங்கே சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, என்பீல்டு என்ற இடத்தில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்தது. அந்தத் தொடர்பால் கிடைத்த பெயர்தான் "ராயல் என்பீல்டு". 1901-ம் ஆண்டில் அந்தக் கம்பெனி மோட்டார் வண்டி செய்யத் தொடங்கியது.

துப்பாக்கித் தொடர்பு உள்ள கம்பெனி அல்லவா? 1932-ம் ஆண்டில் ஒரு வண்டிக்குத் துப்பாக்கிக் குண்டின் பெயரையே வைத்தார்கள். ஆங்கிலத்தில் குண்டுக்குப் பெயர் "புல்லட்".

நமது நாடு சுதந்திரம் பெற்ற பிறகு, எல்லையில் காவல் புரியும் ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. மேடு, பள்ளம், மணல், பனி எதற்கும் அசையாத வண்டி வேண்டும். 350 சி.சி. புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது.

கப்பலில் வரவழைத்துக்கொண்டே இருந்தால் கட்டுப்படி ஆகுமா? 1955-ம் ஆண்டு, சென்னையில் இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து "என்பீல்டு இந்தியா"வை ஆரம்பித்தன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது.

முதலில் பாகங்கள் இங்கிலாந்தில் இருந்து வந்தன. இங்கே பூட்டி முடித்தார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1962-ம் ஆண்டுக்குள் எல்லாப் பாகங்களும் நம் நாட்டிலேயே தயாராயின.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1967-ம் ஆண்டு ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆனால் திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. 1977-ம் ஆண்டு முதல் இங்கே செய்த வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது!

தாய்வீடு மூடிய பிறகும், புகுந்த வீட்டில் செழித்த பெண்ணைப் போல வாழ்ந்தது புல்லட்.

1994-ம் ஆண்டில் ஐஷர் நிறுவனம் இந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டது. 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள் வந்தன. எல்லாம் தமிழ்நாட்டில்தான்.

உதைக்கத் தெரிந்தவரே ஓட்டலாம்!

பழைய புல்லட்டை ஓட்டுவது கிடக்கட்டும். அதை ஸ்டார்ட் செய்வதே ஒரு வித்தை.

ஒரே ஒரு பெரிய பிஸ்டன். அது சிலிண்டருக்குள் காற்றையும் பெட்ரோலையும் போட்டு அழுத்தும். அந்த அழுத்தத்தை மீறிக் காலால் உதைக்க வேண்டும். கண்ட இடத்தில் உதைத்தால் இஞ்சின் எதிர்ப் பக்கமாகச் சுற்றி, உதைக்கட்டை திருப்பி அடிக்கும். கணுக்காலில் வாங்கியவர்களுக்கு வலி தெரியும்.

ஆகையால் ஒரு முறை வைத்திருந்தார்கள்.

பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். சாவியைத் திருப்ப வேண்டும். விளக்குக்கு மேலே ஒரு சின்ன மீட்டர் இருக்கும். உதைக்கட்டையை மெதுவாக அழுத்தி, அந்த மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்ததும் இடது கையில் உள்ள சிறிய கம்பியைப் பிடித்து, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விட வேண்டும். உதைக்கட்டையை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். கம்பியை விட்டுவிட்டு, கட்டையை மேலே கொண்டுவந்து, முழு மூச்சாக ஓர் உதை!

சரியாகச் செய்தால் ஒரே உதையில் வண்டி உயிர் பெறும். தவறினால் தெருவே வேடிக்கை பார்க்கும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள் இந்தப் பரீட்சையில் தோற்று, மச்சினன்மார்களிடம் கேலி வாங்கியது உண்டு.

புதிய வண்டியில் அந்தப் பேச்சே இல்லை. உதைக்கட்டையே கிடையாது! வலது கைப் பக்கம் ஒரு பொத்தான் இருக்கிறது. கட்டை விரலால் அழுத்தினால் இஞ்சின் ஓடத் தொடங்குகிறது.

எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துக்கொள்கிறது. பெட்ரோல் துளித்துளியாகச் சீறி உள்ளே பாய்கிறது. மார்கழிக் குளிரிலும் சிரமம் இல்லை.

குளத்தூரில் ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் கேட்டார்: "ஏன்ப்பா, இதை உதைக்க வேணாமா?"

"வேணாம் அப்பத்தா, அமுக்கினாப் போதும்."

"அப்ப இது புல்லட்டு இல்லப்பா!"

அப்பத்தா சொன்னதில் பாதி உண்மைதான். உதைத்துப் பழகியவனுக்கு ஏதோ ஒன்று குறைவது போலத்தான் இருக்கிறது. ஆனால் முழங்கால் வலி உள்ளவரிடம் கேட்டுப் பாருங்கள். பொத்தானுக்குக் கும்பிடு போடுவார்!

உள்ளே என்ன புதுமை?

பழைய இஞ்சின் 346 சி.சி. வார்ப்பிரும்பில் செய்தது. ஏறக்குறைய 18 குதிரைச் சக்தி. நாலு கியர். அந்த வார்ப்பிரும்பு இஞ்சின் 2010-ம் ஆண்டை ஒட்டி நிறுத்தப்பட்டது. நடுவில் வேறொரு இஞ்சின் வந்து போயிற்று.

இப்போது இருப்பது 349 சி.சி. அதாவது ஒரு லிட்டர் படியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான கொள்ளளவு. 20.2 குதிரைச் சக்தி. ஐந்து கியர். 2020-ம் ஆண்டு இதே கம்பெனியின் "மீட்டியார்" வண்டியில் முதலில் வந்த இஞ்சின்தான், பிறகு புல்லட்டுக்கும் வந்தது.

சக்தியில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று கேட்பீர்கள். வித்தியாசம் சக்தியில் இல்லை. நடுக்கத்தில் இருக்கிறது.

பழைய வண்டியில் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது வண்டி முழுவதும் அதிரும். கண்ணாடியில் பின்னால் வரும் லாரி, நாலு லாரியாகத் தெரியும். நீண்ட தூரம் ஓட்டினால் உள்ளங்கை மரத்துப்போகும். திருகாணிகள் தாமாகவே கழன்று விழும். வாரம் ஒரு முறை ஸ்பானரோடு உட்காருவது பழைய புல்லட்காரர்களின் வழக்கம்.

புதிய இஞ்சினில் ஓர் எதிர் எடை வைத்திருக்கிறார்கள். காவடித் தண்டில் ஒரு பக்கம் மட்டும் சுமை இருந்தால் தோள் ஆடும் அல்லவா? மறு பக்கமும் சம எடை கட்டினால் ஆட்டம் நிற்கும். அதே சங்கதிதான். பிஸ்டன் ஒரு பக்கம் போனால் இந்த எடை மறு பக்கம் போகிறது. அதிர்ச்சி அடங்குகிறது.

கண்ணாடியில் பார்த்தேன். ஒரு லாரி, ஒரே லாரியாகத் தெரிந்தது!

சத்தம்? "டுப் டுப்" இருக்கிறது. ஆனால் அடக்கமாக இருக்கிறது. பழையது தவில் என்றால், இது மிருதங்கம். ஊரைக் கூட்டும் சத்தம் வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றம்தான். தொட்டிலில் குழந்தை தூங்கும் வீட்டுக்காரர்களுக்கோ நிம்மதி!

கவனம்! கால் மாறியிருக்கிறது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில் இருக்கும். பிரேக் இடது காலில் இருக்கும். இங்கிலாந்து வண்டிகளின் பழக்கம் அது.

ஜப்பான் வண்டிகளில் கியர் இடது காலில் இருந்தது. 1970-களின் நடுவில் அமெரிக்கா, "கியர் இடது பக்கம்தான் இருக்க வேண்டும்" என்று விதி செய்தது. உலகம் முழுவதும் அந்த வழக்கமே நிலைத்தது. நம் ஊர்ப் புல்லட் மட்டும் 2000-ம் ஆண்டுக்குப் பிறகுதான் மெல்ல மெல்ல இடது பக்கம் மாறியது.

புதிய புல்லட்டில் கியர் இடது கால். பிரேக் வலது கால்.

அது மட்டும் அல்ல. பழைய வண்டியில் முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். புதியதில் முதல் கியருக்குக் கீழே அழுத்த வேண்டும். மற்ற நான்கும் மேலே. ஆக, பக்கமும் மாறிவிட்டது. திசையும் மாறிவிட்டது!

பழைய வண்டியில், கியரை நடுநிலைக்குக் கொண்டுவரக் குதிகாலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதுவும் இதில் இல்லை.

இதில் என்ன ஆபத்து?

30 ஆண்டு பழகிய கால் மூளையைக் கேட்டு வேலை செய்வதில்லை. ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடினால், "பிரேக் எங்கே?" என்று யோசிக்க நேரம் ஏது? கால் தானாக அழுத்தும். பழைய வண்டிக்காரரின் இடது கால் அழுத்தும். அங்கே பிரேக் இல்லை, கியர் இருக்கிறது!

ஒரு கணக்குப் பாருங்கள். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரே ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். சுமார் 55 அடி! தவறான காலை அழுத்தி, "ஐயோ" என்று உணர்ந்து, சரியான காலை அழுத்துவதற்குள் ஒரு வினாடி போய்விடும். அந்த 55 அடிக்குள் என்ன இருக்கிறதோ!

ஆகையால் நான் முதல் ஒரு மணி நேரம் ரோட்டுப் பக்கமே போகவில்லை. காலியாகக் கிடந்த ஒரு களத்தில் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். "வலது கால் பிரேக்... வலது கால் பிரேக்..." என்று பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதைப் போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிறுத்திப் பழகினேன். நாற்பது, ஐம்பது தடவைக்குப் பிறகுதான் கால் சொன்ன பேச்சைக் கேட்டது.

இன்னொரு யோசனை. முன் சக்கரப் பிரேக் பழைய வண்டியிலும் வலது கையில்தான். புதியதிலும் வலது கையில்தான். அது மாறவில்லை. அவசரத்தில் கால் குழம்பினாலும் கை குழம்பாது. கைப் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய புல்லட்டும் புதிய புல்லட்டும் இரண்டும் இருந்தால்? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்ட வேண்டாம். அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

வழுக்காத பிரேக்

பிரேக் பேச்சு வந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய வண்டிகளில் இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். மழையில் நனைந்தால் பிடிக்காது. பிடித்தால் திடீர் என்று பிடித்து வழுக்கும்.

புதிய வண்டியின் முன் சக்கரத்தில் 300 மில்லி மீட்டர் அகலத்தில் வட்டத் தகடு. அதை இரு பக்கமும் இடுக்கிப் பிடிக்கிறது பிரேக். ரகத்துக்குத் தகுந்தபடி பின் சக்கரத்தில் டிரம் அல்லது தகடு இருக்கிறது.

இதோடு "ஏ.பி.எஸ்." என்று ஒரு சாதனம். பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்ட சக்கரம் வழுக்கும். வண்டி சாயும். இந்தச் சாதனம் சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும், பிரேக்கைக் கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விடுகிறது. கண் இமைப்பதற்குள் பல தடவை இப்படிச் செய்துவிடும்.

125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது மோட்டார் சைக்கிள்களுக்கும் 2019-ம் ஆண்டு ஏப்ரல் முதல் இது கட்டாயம் ஆக்கப்பட்டது.

மணல் படிந்த ரோட்டோரத்தில் மெதுவான வேகத்தில் சோதித்துப் பார்த்தேன். கையில் பிரேக் பிடி துடித்தது. சக்கரம் வழுக்கவில்லை. வண்டி நேராக நின்றது. பலே!

ஆனால், "சாதனம் இருக்கிறது" என்று வேகமாகப் போகக்கூடாது. வழுக்காமல் நிற்க அது உதவும். நிற்கும் தூரத்தை மந்திரம் போட்டுக் குறைத்துவிடாது.

குளத்தூர்ப் பாதையில்...

குளத்தூர் தாலுகாவுக்கு ஒரு விசேஷம் உண்டு. தாலுகாவின் பெயர் குளத்தூர். ஆனால் தலைமை இடம் கீரனூர்! புதுக்கோட்டை சமஸ்தானம் இருந்த காலத்தில் மூன்று தாலுகாக்களில் ஒன்று இது. 1948-ம் ஆண்டு சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதி ஆனது. 1974-ம் ஆண்டு புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆயிற்று.

பாறையும், பொட்டலும், மழையை நம்பிய கண்மாய்களும் உள்ள பூமி. ஒரு பக்கம் நல்ல தார் ரோடு. அதை விட்டு இறங்கினால் செம்மண் பாதை. வண்டியைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் ஏறினேன். 70, 80 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி அலுங்காமல் போகிறது. நாலு கியர் பழைய வண்டி அந்த வேகத்தில் முனகும். இதில் ஐந்தாவது கியர் இருப்பதால் இஞ்சின் அமைதியாக ஓடுகிறது.

எதிரே வந்தவர்கள் எல்லாரும் எனக்குக் கை காட்டினார்கள். கட்டை விரலையும் மற்ற விரல்களையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தார்கள். "விளக்கு எரியுது, விளக்கு எரியுது!" என்று ஒரு பெரியவர் சத்தமே போட்டார்.

நல்ல மனம்தான்! ஆனால் இந்த விளக்கை அணைக்க முடியாது. 2017-ம் ஆண்டு ஏப்ரல் முதல் வரும் புது இரு சக்கர வண்டிகளில், இஞ்சின் ஓடும்போது பகலிலும் முன் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். எதிரே வருபவர் கண்ணில் வண்டி சீக்கிரம் படுவதற்காக இந்த ஏற்பாடு.

நெடுஞ்சாலையில் இருந்து பிரிந்து நார்த்தாமலைக்குத் திரும்பினேன். முத்துமாரியம்மன் கோயில் உள்ள ஊர். பங்குனித் திருவிழாவில் சுற்று வட்டாரமே அங்கே கூடும். பாறைக் குன்றின் மேலே விஜயாலய சோழீச்சுவரம் என்ற பழைய கற்கோயில் நிற்கிறது.

குன்றின் அடிவாரத்தில் கரடுமுரடான பாதையில் மெதுவாக ஓட்டினேன். இரண்டாவது கியரில், நடக்கும் வேகத்தில்கூட இஞ்சின் திணறவில்லை. இழுத்துக்கொண்டு போகிறது. பழைய புல்லட்டின் இந்தக் குணம் அப்படியே இருக்கிறது. இது ஓட்டப் பந்தயக் குதிரை அல்ல. பாரம் இழுக்கும் காளை.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டியின் எடை 195 கிலோ. ஏறக்குறைய இரண்டு குவிண்டால்! ஓடும்போது தெரியாது. மணலில் தள்ளும்போது, சந்தில் திருப்பும்போது, ஸ்டாண்டு போடும்போது தெரியும். சீட்டின் உயரம் 805 மில்லி மீட்டர், அதாவது இரண்டே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு காலும் தரையில் பதியாதவர்கள், வாங்குவதற்கு முன் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, காது வைத்துக் கேட்போம். இதில் ஒரு சின்னத் திரையில் பெட்ரோல் அளவு தெரிகிறது. டாங்கி 13 லிட்டர் கொள்ளும். செல்போனுக்கு மின்சாரம் ஏற்றவும் வசதி வைத்திருக்கிறார்கள்.

பின்னால் உட்காருபவர் யார்?

மோட்டார் சைக்கிள் என்றால் ஆண்கள் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். அதுவும் புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்படி நினைக்கவே கூடாது!

1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள், அதோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். வயல் வேலை செய்தவர்கள், கல் குவாரியில் உழைத்தவர்கள், ஆசிரியைகள், நர்சுகள் என்று ஆயிரம் ஆயிரமாகப் பெண்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். முதலில் சிரித்த ஊர், பிறகு வழி விட்டது. நாடு முழுவதும் அதைப் பற்றி எழுதினார்கள்.

அன்று சைக்கிள் கற்ற தாய்மார்களின் பேத்திகள் இன்று ஸ்கூட்டரில் போகிறார்கள். புல்லட் ஓட்டும் பெண்களும் இருக்கிறார்கள். பொத்தான் ஸ்டார்ட் வந்த பிறகு, "உதைக்க முடியாது" என்ற சாக்கும் போய்விட்டது.

பின்னால் உட்காரும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன. பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க மிதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அழகுக்காகத் தடுப்பைக் கழற்றிவிடும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

புல்லட்டின் சீட் நீளமானது. அதனால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் ஏறிவிடுகிறார்கள். சட்டப்படி, ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே உட்காரலாம். இருவருக்கும் தலைக்கவசம் வேண்டும்.

நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால், குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் வார் வேண்டும். குழந்தைக்கும் தலைக்கவசம் வேண்டும். வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக்கூடாது. இந்த விதி 2023-ம் ஆண்டு பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிரிக்காதீர்கள். 2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். அதே ஆண்டில், விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதல் இடம்.

இந்தக் கணக்கில் இருப்பவை எண்கள் அல்ல. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

மெக்கானிக்கின் கவலை

கீரனூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வண்டியை நிறுத்தினேன். பழைய புல்லட்டின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லும் கைராசிக்காரர் அவர்.

புது இஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அந்த வண்டின்னா ஒரு ஸ்பானர், ஒரு திருப்புளி, ஒரு உப்புத்தாள் போதும்ணே. இதுக்குக் கம்ப்யூட்டர்ல பார்க்கணும்" என்றார்.

உண்மைதான். பழைய வண்டி நடு ரோட்டில் நின்றால், பிளக்கைக் கழற்றித் துடைத்து, பாயின்டைத் தேய்த்து, வீடு வந்து சேரலாம். புதிய வண்டி எளிதில் நிற்காது. நின்றுவிட்டால், எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டும்.

கிராமத்துப் பட்டறைகளின் பிழைப்பு இதில் அடங்கி இருக்கிறது. ஆனால் அதே மெக்கானிக்கின் மகன் ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். அந்தக் கருவியைக் கையாளக் கற்றுக்கொண்டிருக்கிறான். அப்பாவின் காதும், மகனின் கருவியும் சேர்ந்தால் அந்தப் பட்டறையை யாரால் அசைக்க முடியும்?

வாங்கலாமா?

2023-ல் வெளிவந்தபோது, ஆரம்ப ரகத்தின் கடை விலை ஏறக்குறைய 1 லட்சத்து 74 ஆயிரம் ரூபாய். சாலை வரி, இன்சூரன்ஸ் தனி. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல், 350 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 349 சி.சி. புல்லட்டுக்கும் அந்தச் சலுகை உண்டு.

ஆனாலும் இது சின்னத் தொகை அல்ல. மாதத் தவணையில் வாங்குபவர்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவை ஒதுக்கிய பிறகு மீதியில் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

வயலுக்கு உரமூட்டை, சந்தைக்குக் காய்கறி என்று பாரம் ஏற்றுபவர்களுக்கு இது ஏற்ற வண்டி அல்ல. ஓசூரில் செய்யும் டி.வி.எஸ். மொபெட்தான் அவர்களுக்குத் தோழன். எடை குறைவு, விலையும் குறைவு.

நீண்ட தூரம் போகிறவர்கள், நிதானமாக ஓட்டுகிறவர்கள், இருவராகப் பயணம் செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் இதுதான். அதை விற்க வேண்டாம். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருங்கள். டாங்கியின் மேல் கையாலேயே இழுத்த பொன்னிறக் கோடும், முன் விளக்கின் இரு பக்கமும் புலிக்கண் போல இருக்கும் சின்ன விளக்குகளும் புதியதிலும் உண்டு. ஆனால் தாத்தாவின் கைபட்ட வண்டி மறுபடி கிடைக்காது.

புதியதை வாங்கினால், கோயிலில் பூசை போட்டு எலுமிச்சம் பழம் நசுக்கியதும் நேரே ரோட்டுக்குப் போய்விடாதீர்கள். முதலில் ஒரு காலி மைதானத்துக்குப் போங்கள். ஒரு மணி நேரம் காலைப் பழக்குங்கள்.

வண்டி புதிது, கால் பழசு. இரண்டும் சிநேகம் ஆன பிறகு ரோட்டில் ஏறினால், பயணம் சுகம். வீட்டில் இருப்பவர்களுக்கும் நிம்மதி!